பிரம்மசக்தியின் கை

பெனிட்டாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிற எட்டுப் பேரும் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு நடத்துவாள். கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

எட்டுப் பேரில் ஒருத்தி சண்முகக்கனி. நாற்பத்தைந்து வயது. ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச் சேலைப் பிரிவில் இருபது வருஷமாக நிற்கிறாள். மகன் ஆசையாக வாங்கிவிட்டு அலமாரியில் போட்டு மறந்த கேமராவை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள்.

"பூ எடுக்க வரல, குருவி எடுக்க வரல மாஸ்டர்" என்றாள் முதல் நாளே. "என் கூட்டாளிகளை எடுக்கணும். வெறச்சுக்கிட்டு நிக்காம, அவங்க அவங்களா இருக்கணும்."

ஆறு மாதத்தில் நன்றாகவே தேறிவிட்டாள். சாப்பாட்டு அறையில் அவள் கேமராவைத் தூக்கினால் இப்போதெல்லாம் யாரும் முந்தானையைச் சரி செய்வதில்லை. அப்பளத்தைக் கடித்தபடியே இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே சண்முகக்கனி மாடி ஏறி வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னக்கா, வெள்ளன வந்துட்டீங்க?"

"ஒரு வாயைச் சரி பண்ணணும் மாஸ்டர்."

விஷயம் இதுதான். பிரம்மசக்தி என்று ஒருத்தி. இவளும் அவளும் ஒரே வாரத்தில் கடையில் சேர்ந்தவர்கள், ஒரே பிரிவு. அவளுடைய மகன் திருப்பூரில் வீடு பார்த்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை பிரம்மசக்தி அங்கேயே போகிறாள். இனி திரும்புவதாக இல்லை. போகிறவளுக்குக் கொடுக்க சண்முகக்கனி ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். பிரம்மசக்தி கண்ணை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிற படம். ஆனால் வாய்மேல் கை.

"அவளுக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும் மாஸ்டர். சிரிச்சா கை தன்னால போயி வாயைப் பொத்திரும். நான் எடுத்த எல்லாப் படத்துலயும் கை. ஒண்ணுலகூட வாய் இல்ல. என் போன்ல ஒரு வசதி இருக்குல்லா, வேண்டாததை விரலால தடவுனா அழிச்சுரும். கையைத் தடவுனேன். கை போயி, அதுவே ஒரு வாயை வரைஞ்சு குடுத்துட்டு."

"எப்படி இருந்துச்சு?"

"பல்லெல்லாம் வரிசையா, அழகாத்தான் இருந்துச்சு."

அதைச் சட்டம் போட்டு, வியாழக்கிழமை மதியம் எல்லார் முன்னாலும் கொடுத்திருக்கிறாள். பத்து வயசு குறைஞ்சிட்டு என்று கூட இருந்தவர்கள் மெச்சினார்கள். பிரம்மசக்தி வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?" என்றாள். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் மூடிக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இருபது வருஷமாக ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றாமல் சாப்பிட்டதில்லை. வெள்ளியும் சனியும் சண்முகக்கனியின் குழம்பு அவளுடைய தூக்குச்சட்டியிலேயே கிடந்தது. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேசாமலே ரயில் ஏறிருவா மாஸ்டர். அவ வீம்பு எனக்குத் தெரியும். நீங்க அவளோட சொந்தப் பல்லையே வச்சு ஒட்டிக் குடுத்துருங்க."

"சொந்தப் பல்லு தெரியுத படம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஆடித் தள்ளுபடி விளம்பரத்துல அவதான் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா."

பெனிட்டா அந்தப் படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றினாள். சாப்பாட்டு அறையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் அரக்குப் பட்டின் கரையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற பிரம்மசக்தி. மற்றதில் வாயைப் பொத்திக்கொண்டு கிடுகிடுவென்று ஆடுகிற பிரம்மசக்தி.

"விளம்பரத்துல மூடலையேக்கா?"

"அது கஸ்டமருக்குச் சிரிக்கது மாஸ்டர். அங்க வாயைப் பொத்தக் கூடாதுன்னு சேந்த அன்னைக்கே சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பழகிட்டா."

"நாள் பூரா இந்தச் சிரிப்புத்தானா?"

"நாள் பூரா. எங்க எல்லாருக்குமே அப்படித்தான்."

"அப்ப கை எப்ப வரும்?"

சண்முகக்கனி சொல்ல வாயெடுத்தாள். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்ககூட இருக்கும்போது" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நெசமாவே சிரிப்பு வந்தாத்தான்."

பெனிட்டா விளம்பரப் படத்தில் இருந்த வாயை மட்டும் அளவாக வெட்டி எடுத்தாள். அதை இழுத்துக்கொண்டு போய் மற்றப் படத்தில் இருந்த கையின் மேல் நிறுத்தினாள்.

"அவங்க சொந்தப் பல்லுதான். ஒட்டிரட்டுமாக்கா?"

"வேண்டாம் மாஸ்டர்" என்றாள் சண்முகக்கனி.

அந்த வாரம் வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிரம்மசக்தியின் வீட்டுக்குப் போனாள். உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் பிரம்மசக்தி. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சண்முகக்கனி வாசலில் நின்றபடியே படத்தை நீட்டினாள். கையை அழிக்காத படம்.

பிரம்மசக்தி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, இது என்னைக்கு எடுத்தது தெரியுமா?"

"ஞாபகம் இல்ல."

"புது மாப்பிள்ளை ஒருத்தரு பொண்டாட்டிக்கு எடுத்த சேலையைத் தன் தோள்ல போட்டுக் கண்ணாடி பாத்தாரே. அண்ணனுக்கு ரொம்ப எடுப்பா இருக்குன்னு நீ சொன்னேல்லா. அதைச் சாப்புடுத எடத்துல வந்து மறுபடியும் நடிச்சுக் காட்டுனியே. அன்னைக்கு."

சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரம்மசக்தியின் கை வாய்க்குப் போனது. ஒருத்தி வாசல் நிலையிலும் ஒருத்தி ஜன்னலிலும் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் பிரம்மசக்தி சொன்னாள்: "நீ குடுத்த அந்தப் படத்துல ஒருத்தி இருந்தாள்ல, அவளுக்கு இதெல்லாம் தெரியாதுட்டி."

பிறகு, "உக்காரு. புளிக்குழம்பு இருக்கு" என்றாள்.

மறுநாள் பிரம்மசக்தி ரயில் ஏறிப் போனாள்.

அடுத்த வகுப்புக்குச் சண்முகக்கனி ஒரு நோட்டோடு வந்தாள். ஒரு முறை சுட்டுக்கொண்டவள் அல்லவா, இனி எல்லாவற்றையும் முறையாக எழுதி வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டாள்.

"மாஸ்டர், படத்துல எதை அழிக்கலாம், எதை விடணும்? ஒரு கணக்குச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன். இனிமே தப்பு வராது."

பெனிட்டா கணினியில் எதையோ தேடினாள். ஒரு படத்தைத் திறந்து வைத்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குறுக்குத்துறையில், ஆற்றங்கரையில் எடுத்துப் பழகிய நாள். படித்துறைக் கல்லில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி கேமராவுக்குள் மூழ்கிக் கிடக்கிறாள் ஒருத்தி.

"நானா மாஸ்டர்?"

"நீங்கதான். எடுத்தது உங்களுக்குத் தெரியாது."

சண்முகக்கனிக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது. ஊரையெல்லாம் எடுத்தவளை அதுவரை யாரும் எடுத்ததில்லை. தன் முகம் இப்படிக் கருமமே கண்ணாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே ஒரு கை நீண்டிருந்தது. முழங்கையோடு வெட்டுப்பட்ட கை, ஆள் படத்துக்குள் இல்லை. கையில் ஒரு கறுப்புக் குடை. குடையின் நிழல் முழுக்கச் சண்முகக்கனியின் மேல் விழுந்திருந்தது. கை வெயிலில் இருந்தது. இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல், அதில் கோத்துத் தொங்கும் ஊக்குகள், சேலை மடித்து மடித்துத் தடித்துப்போன கட்டைவிரல். ஊரில் எந்தக் கூட்டத்தில் நீட்டினாலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற கை.

அன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்று பிரம்மசக்தியும் கூட வந்திருந்தாள். வெளிச்சம் பிடிக்கும் மும்முரத்தில் அவள் எங்கே நின்றாள், என்ன செய்தாள் என்று சண்முகக்கனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்திரை மாதமாக இருந்தும் ஆற்றங்கரையில் வெயிலே உறைக்கவில்லை என்று வீட்டில் வந்து சொன்னாள்.

பெனிட்டா மவுஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"படம் சுத்தமாத்தான் இருக்குக்கா. ஓரத்துல அந்தக் கை ஒண்ணுதான் சம்பந்தமில்லாம துருத்திக்கிட்டு நிக்கு. அதை அழிச்சுருங்க. அப்புறம் கணக்குச் சொல்லுதேன்."

சண்முகக்கனி மவுஸைத் தொடவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, படத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.