திருவாய் முதல் திருச்செவி வரை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குத் தும்மல் வந்தது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். சபையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "நூறு" என்று வாழ்த்தியும் அரசரின் முகம் வாடிப்போயிற்று. அவர் தும்மினால் மகள் பூங்கோதைதான் முந்திக்கொண்டு நூறு சொல்வாள். அவளை எல்லைக்கோட்டைத் தலைவருக்குக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இனி நாம் இங்கே தும்மினால் நம் மகள் அங்கே நூறு சொல்ல வேண்டும். நாம் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் அது நம் காதில் விழவும் வேண்டும்" என்றார் அரசர். கோட்டைக்குக் குதிரையில் போனாலே இரண்டு நாள். சபை தரையைப் பார்த்தது.

விகடகவி சாத்தப்பன் மட்டும் எழுந்தான். "முரசுக்காரர்களால் முடியும், மகாராஜா."

தலைநகர் தொடங்கி எல்லை வரை குன்றுக்குக் குன்று முரசுக் குடும்பங்கள் இருந்தன. ஓரடி, ஈரடி, நடுவே ஒரு மௌனம்; அவ்வளவுதான் அவர்கள் பாஷை. அதை வைத்தே எந்தச் செய்தியையும் அடித்துவிடுவார்கள். இந்தக் குன்றில் கேட்டதை அடுத்த குன்றுக்கு அப்படியே தள்ளிவிடுவது தொழில். செய்தி யாருக்கு, எதற்கு என்று யோசிப்பது தொழிலில் சேராது. போன மழைக்காலத்தில், வெள்ளத்துக்கு அக்கரையில் சாத்தப்பனின் மனைவி பிரசவ வேதனையில் துடித்தபோது, தூரத்து ஊர் மருத்துவச்சியை அழைத்து வந்தது இந்த முரசுகள்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

பிரதானி அரங்கராயருக்குச் சாத்தப்பனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு அந்தக் குன்றுகளின் புல்மேல் அவர் மருமகனுக்கு ஒரு கண். "வாய்ப்பேச்சோடு விடலாகாது, சாசனம் எழுதுவோம்" என்று அவரே எழுதினார்: 'முரசுவழி என்பது அரசரின் திருவாயில் தொடங்கி இளவரசியின் திருச்செவியில் முடிவது. இடையில் எங்கே செய்தி தங்கினாலும் குற்றம் முரசுக்காரருடையது. தவறினால் அவர்கள் குன்றுகளைக் காலி செய்ய வேண்டும்.'

முரசுக்காரர் தலைவி உலகம்மை சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாள். "எங்களுக்குத் தெரிஞ்ச வழி இந்தக் குன்னுலேருந்து அந்தக் குன்னு. வாயி, காதெல்லாம் ஏதோ மரியாதைக்கு எழுதியிருப்பாக" என்றாள்.

அரண்மனைக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசர் வாயிலிருந்து வருவது எதுவும் நேரே வாசலைத் தாண்டக் கூடாது. மெய்க்காவலன் கேட்டு, ஓலை எழுதுபவரிடம் சொல்லி, அவர் அரசரின் பட்டப்பெயர்களை எல்லாம் முன்னால் கோத்து, பிரதானி முத்திரை வைத்த பிறகே வெளியே போகும். மறுநாள் காலையில் அரசர் தும்மினார். பிரதானி நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பிறகு முத்திரை வைத்தார். "நூறு" வந்து சேர்ந்தபோது அரசருக்கு ஜலதோஷமே விட்டுப்போயிருந்தது.

"குன்றுகளைக் காலி செய்யட்டும்" என்றார் அரசர்.

உலகம்மை எழுந்து வந்தாள். "எங்க சனமெல்லாம் எங்க சாமி போகும்?" என்று மெல்லச் சாத்தப்பனிடம் கேட்டாள். அவனோ, நம் வீட்டில் விளக்கேற்றியவர்களை நாமே இருட்டில் தள்ளிவிட்டோமே என்று மருகினான். பிறகு கைகூப்பி, "மகாராஜா, சாசனப்படி செய்தி இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. நாளை ஒரு நாள் சாசனப்படி நடக்க உத்தரவு வேண்டும்" என்றான். அரசர் தலையசைத்தார்.

விடிந்ததும் பெரிய முரசு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான் சாத்தப்பன். உலகம்மை கோல்களோடு வந்து நின்றாள்.

"என்ன அட்டூழியம் இது?" என்றார் பிரதானி.

"பிரதானியாரே, வழி திருவாயில் தொடங்குகிறது என்று எழுதியவர் தாங்கள். தொடங்கும் இடத்தில் முரசு வைத்திருக்கிறோம். கோட்டையிலும் இளவரசியின் காதோரம் ஒரு முரசு வைக்க நேற்றே முரசடித்துச் சொல்லியாகிவிட்டது. மெய்க்காவலர், ஓலைக்காரர், தாங்கள், மூவர் பெயரும் சாசனத்தில் இல்லை. வழியில் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள்."

அரசருக்கு வேடிக்கையாக இருந்தது. "நடக்கட்டும். அப்பப்பா, நேற்று ராணி வைத்த குழம்பில் ஒரே உப்பு, இன்னும் தாகம் அடங்கவில்லை" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். திருவாயிலிருந்து வந்ததாயிற்றே. உலகம்மை அடித்துவிட்டாள். குன்றுகள் முழங்கின. சற்றைக்கெல்லாம் பதில் முழங்கிக்கொண்டு வந்தது. உலகம்மை கேட்டுச் சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லட்டுமான்னு கேக்காக, சாமி."

அரசருக்கு வியர்த்தது. பதறியதில் தும்மலும் வந்தது. துண்டை எடுத்து மூக்கைத் துடைத்து முடிக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. "நூறு அப்பா. முரசடியிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்."

அரசர் துண்டைக் கண்ணுக்கும் கொண்டுபோனார். அதை மறைக்க நினைக்கவும் இல்லை. "முரசுக்காரர்கள் வென்றார்கள். சாத்தப்பா, முதலில் இந்த முரசை நம் வாயருகிலிருந்து எடு" என்றார்.

"சாசனம் விடமாட்டேன் என்கிறதே, மகாராஜா."

"அப்படியானால் சாசனத்தை மாற்று."

சாத்தப்பன் சொல்லச் சொல்ல ஓலைக்காரர் எழுதினார்: 'முரசுவழி அரண்மனை வாசல் முரசில் தொடங்கிக் கோட்டை வாசல் முரசில் முடிவது. அந்த வழியில் தவறினால் முரசுக்காரர் பொறுப்பு. வாசலுக்கு உள்ளே செய்தி தங்கினால் பிரதானி பொறுப்பு. முரசு ஒலிக்கும்வரை குன்றுகள் முரசுக் குடும்பங்களுக்கே.' முத்திரையைப் பிரதானியே வைக்க வேண்டியிருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். அவன் அதை உலகம்மையிடம் நீட்டி, "என் பிள்ளை உயிரோடிருப்பது உங்களால், தாயே" என்றான். "அடிக்கையில கோல்ல சிக்கும் ஐயா, பிள்ளைக்கே போடுங்க" என்று அவள் சிரித்தாள்.

"மகாராஜா, இத்தனை காலம் எல்லோருடைய செய்தியும் அந்தக் குன்றுகள் வழியாகப் போயிருக்கிறது. அவர்களுக்கென்று ஒன்றுகூட வந்ததில்லை" என்றான் சாத்தப்பன்.

அரசர் யோசித்தார். "குன்றுகளில் இருப்போர்க்கு அரசனின் நன்றி. உங்களால் என் மகள் பக்கத்தில் இருக்கிறாள்" என்று அடிக்கச் சொன்னார். உலகம்மை வாசலுக்குப் போய் அடித்தாள்; அரசரும் பின்னாலேயே போனார். முதல் குன்று கேட்டு இரண்டாவதற்கு அடித்தது, இரண்டாவது மூன்றாவதற்கு அடித்தது. ஒரு குன்றும் நிற்கவில்லை. செய்தி நாட்டைக் கடந்து கோட்டைக்கே போய்ச் சேர்ந்தது. பதில் வந்தது.

"அப்பா, இது எனக்கு இல்லை. வழியில் உள்ளவர்களுக்கு. நிறுத்தி வாங்கிக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது குன்றுகளும் ஓய்ந்திருந்தன, ஒவ்வொன்றாக. உலகம்மை கோல்களைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கிக்கிட்டாக, சாமி" என்றாள்.