நகராத டர்போ

சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறை. அங்கே எஞ்சின் பாகங்களை டீசலில் கழுவும் வேலை பூவாத்தாளுக்கு. பட்டறை நிலத்துக்குச் சொந்தக்காரர் லாரி முதலாளி நல்லசேனாபதி. தன் பழைய லாரிக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ ஒன்றை அவரே வெளியில் வாங்கி மாட்டியிருந்தார். அன்றிலிருந்து வண்டி கரும்புகை கக்கியது, மேடு ஏறவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். ஆனா டர்போ ஒரு அங்குலம் நகரக்கூடாது. நகர்ந்தா இடத்தைக் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் ராக்கியண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"டர்போதானுங்கண்ணா நகரக்கூடாது? வண்டி நகரலாமில்லைங்க?" என்றாள் பூவாத்தாள்.

லாரியின் முன்பக்கத்தைப் பிரித்தார்கள். டர்போவைப் பட்டறைக் கூரையின் உத்தரத்தோடு சங்கிலியால் கட்டி, போல்ட்டுகளைக் கழற்றி, லாரியைப் பின்னால் தள்ளினார்கள். கருகிய கேஸ்கட்டை மாற்றி, டர்போ இருந்த இடத்தில், முதலாளி கழற்றிப்போட்டிருந்த, கம்பெனி கொடுத்த பழைய பாகங்களையே பூட்டினார்கள். புகை நின்றது.

சாயங்காலம் வந்த முதலாளி, அந்தரத்தில் தொங்கிய டர்போவைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நீங்க விட்ட இடத்துலயே இருக்குதுங்க. வண்டிதானுங்க நகர்ந்துபோச்சு" என்று பூவாத்தாள் அளவு டேப்பை நீட்டினாள்.

அவர் டேப்பை வாங்கவில்லை. லாரியில் ஏறி மேடுவரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்தார். வண்டி திணறவே இல்லை.

"டர்போவை மறுபடி மாட்டிரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அது நகரக்கூடாது" என்றார்.