ஆவுடையின் வயது

பலவேசத்துக்கு எழுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பது. மலையடி மடத்துச் சாமியாரம்மாவிடம் அவர் சீடராகச் சேர்ந்ததைக் கேட்டு ஊரில் சிரிக்காத ஆளில்லை. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாவுக்குக் காயகல்பம் செய்யத் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதம் முற்றம் கூட்டினார், தண்ணீர் இறைத்தார். அம்மா மருந்தைப் பற்றி மூச்சே விடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் காலையில் அவரே கேட்டுவிட்டார்.

“அம்மா, எனக்கு வயசு குறையணும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

அவர் உள்ளே போய், துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து வந்தார். சட்டத்துக்குள் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எம் பொஞ்சாதி, ஆவுடை. இந்தப் படம் எடுத்த மறுமாசமே காய்ச்சல்ல போயிட்டா. வீட்டுக்கு வாறவங்க முதல்ல ‘சம்சாரமா’ன்னு கேட்டாங்க. அப்புறம் ‘தங்கச்சியா’ன்னாங்க. அப்புறம் ‘மகளா’. போன வருசம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன், ‘பேத்தியா தாத்தா’ங்கான்.”

நாற்பத்து மூன்று வருடத் தனிமையை எப்படியோ தள்ளியவர் அவர். அந்த ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து படத்துக்கு எதிரே நிற்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“யாரு எடுத்த படம்?”

“நான்தான். ஸ்டூடியோல்லா வச்சிருந்தேன்.”

“இப்படியேதான் இருந்தாகளா?”

பலவேசத்துக்குத் தொழில் பெருமை வந்துவிட்டது.

“கொஞ்சம் டச்சப் பண்ணுனேன். வாற சனத்துக்கெல்லாம் பத்து வயசு குறைச்சு அனுப்புன கையில்லா இது! நெத்திக்கு மேல ஒரு நரைமுடி. அந்த வயசுலயே வந்துட்டு. மை தொட்டு மறைச்சேன்.”

“அவுக பாத்தாகளா?”

பெருமை வந்த வழியே போய்விட்டது.

“பாத்தா. ‘எம் முடிய ஏன் எடுத்தீய? நாம கிழவன் கிழவியா ஆகப்போறதுக்கு அதுல்லா அச்சாரம்’னா. நான் சிரிச்சுக்கிட்டே ஆணியில மாட்டிட்டேன்.”

அம்மா படத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அந்த ஒத்த முடியை முதல்ல அவுகளுக்குக் குடுங்க அண்ணாச்சி. உங்க வயசைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”