மணி நிற்கவில்லை

பனைவிளைச் சபையில் கூட்டம் நடத்த வந்த எபனேசர் பிரசங்கியாருக்கு, அந்த ஊர் உபதேசியார் மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. தன்னைத் தவிர எல்லாப் போதகரும் கள்ளர் என்றே தேனொழுகப் பேசுகிறவர் இந்தப் பிரசங்கியார். ஊரோ உபதேசியாரைத்தான் தேடிப் போனது. வயிறெரிந்த பிரசங்கியார், கோயில் மணி அடிக்கும் ஞானாபரணத்தைக் கூப்பிட்டார்.

"எலே, இங்க ஒரு கள்ளப்போதகன் இருக்கான். தேனாப் பேசுவான். பெரிய நாற்காலி தேடுவான். மத்தவங்களைத் தூத்துவான். நாளைக்கு ஆராதனைக்கு அவன் உள்ள வந்ததும் மணிய அடி. ஊரே அவனை விரட்டட்டும். அவன் வெளிய போறதுக்கு முன்ன நிறுத்தினா, உன் வேலை போச்சு!"

ஞானாபரணத்துக்குத் தலை சுற்றியது. உபதேசியாருக்கோ வாய் திக்கும். உட்காருவது பிள்ளைகளோடு பாயில். யாரையும் குறை சொல்லி அவன் கேட்டதேயில்லை. அப்படியானால் ஐயா யாரைச் சொல்கிறார்?

மறுநாள் உபதேசியார் வந்தார். மணி அடிக்கவில்லை. பிரசங்கியார் வந்தார். மணி அடித்தது. தனக்கு வரவேற்பு என்று நினைத்து, கும்பிட்டபடியே போய், கேட்டு வாங்கிப் போட்ட பெரிய நாற்காலியில் அமர்ந்தார்.

மணி நிற்கவில்லை. பாட்டுத் தொடங்க முடியாமல் சபையே திருதிருவென்று விழித்தது. பிரசங்கியார் வாசலுக்கு ஓடி வந்தார்.

"நிறுத்துல! ஏம்ல அடிக்க?"

ஞானாபரணம் கயிற்றை விடவில்லை. "எனக்கும் ஒண்ணும் புரியலய்யா. நீங்க சொன்ன அடையாளமெல்லாம் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. இன்னும் ஒரு எட்டு வெளிய வச்சியன்னா, நிறுத்திருவேன்."