வெற்றி விளக்கும் விருந்தாளிச் சிலந்தியும்

வெள்ளாற்றூர் ராஜா வீரமாறப்ப பூபதி ஒற்றை ஈட்டியால் புலியைக் குத்தியவர். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் மரத்தின் மேல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்று "ஐயோ!" என்று அலறியதை மட்டும் நன்றாகப் பார்த்தேன். மாலைச் சபையில் பக்கத்து நாட்டுத் தூதர் ஓலை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிலந்தி நூல்விட்டு இறங்கி ராஜாவின் மூக்குக்கு நேரே தொங்கியது. அவ்வளவுதான்.

தூதர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "பௌர்ணமியன்று மறுபடி வருகிறேன்" என்று கிளம்பினார்.

ராஜாவுக்கு மானம் போய்விட்டது. "அவர் வரும்போது அரண்மனையில் ஒரு சிலந்திகூட இருக்கக் கூடாது! ஆனால் ஒன்றையும் கொல்லக் கூடாது. அது சிவனைப் பூசித்த ஜீவன். யார் பொறுப்பு ஏற்கிறீர்கள்?"

அரண்மனை வைத்தியர் அம்பலவாணப் பண்டிதர் எழுந்தார். விருந்துப் பந்தியில் என் இடம் முதல் வரிசையில், அவர் இடம் எனக்குப் பின்னால். அந்த எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"மகாராஜா, சிலந்தி பூசித்த தலம் காளத்தி. அந்தப் பெயரைச் சுமப்பவர் நம் விகடக்காரர் காளத்தியப்பன். இவர் சொன்னால் சிலந்தி கேட்காமலா போகும்?"

"நல்ல யோசனை. காளத்தி, முடியாவிட்டால் நீர் ஊரைவிட்டே போகலாம்" என்றார் ராஜா.

அந்தக் காளத்தியப்பன் நான்தான். ஊரைவிட்டுப் போனால் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த தொழில் இரண்டு. ஒன்று பேசுவது, இன்னொன்று சாப்பிடுவது. இரண்டுக்கும் கூலி கொடுக்கிற இடம் இந்த அரண்மனை ஒன்றுதான். அது போகட்டும், சிலந்தியைக் கண்டால் ராஜாவாவது சிம்மாசனத்தில் ஏறுவார். நான் என் மனைவி உண்ணாமுலையின் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். வேப்பிலைப் புகை போட்டேன். சிலந்திகள் நகர்ந்தன, ராஜாவும் இருமிக்கொண்டே நந்தவனத்துக்கு நகர்ந்தார். ஜன்னல் சட்டங்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். புதினாவைக் கசக்கித் தண்ணீரில் கலந்து மூலைமுடுக்கெல்லாம் தெளித்தேன். ராஜா மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, "துவையல் எங்கே?" என்று கேட்டார். சுவரில் படர்ந்த கொடிகளை வெட்டினேன், சுவரோரம் அடுக்கியிருந்த விறகைத் தோட்டத்துக் கோடிக்கு மாற்றினேன். ஒட்டடைக் கம்பை உண்ணாமுலை பிடித்தாள். நான் தூரத்தில் நின்று தைரியம் சொன்னேன்.

பகலில் ஒன்றுகூட இருக்காது. விளக்கு வைத்ததும் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

"என்ன ஓய், மூட்டை கட்டியாகிவிட்டதா?" என்று பண்டிதர் தினமும் அன்பாக விசாரித்தார்.

ஒரு மாலை, நொந்துபோய் சபை மண்டபத்து ஜன்னலடியில் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். துக்கம் வந்தால் எனக்குப் பசி அதிகம். அதிரசத்தில் ஒரு ஈசல் விழுந்தது. அப்புறம் ஒரு விட்டில். அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் வெற்றி விளக்கு.

எங்கள் அரண்மனை வழக்கம் அது. ராஜாவின் வெற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னலில் விடிய விடிய விளக்கு எரியும். போரில் வென்றதற்கு மட்டுமல்ல, ராணியை ஆடுபுலி ஆட்டத்தில் வென்றதற்கும் ஒன்று உண்டு. அணைத்தால் ராஜத் துரோகம். விளக்கைத் தேடிப் பூச்சி வந்தது. பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்தது. மூலையில் அமர்ந்து, தானாக வந்து விழுவதை நிம்மதியாகத் தின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தேன். கையில் இருந்த அதிரசத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றேன். "மகாராஜா, தங்கள் வெற்றி விளக்குகளை ஜன்னலில் வைத்தால் அரண்மனைக்காரர்கள் மட்டும்தானே பார்க்கிறோம்? ராஜவீதியில், தங்களுக்கு மிகவும் விசுவாசமான ஒருவர் வீட்டு வாசலில் வைத்தால் ஊரே பார்க்குமே! என் வீட்டில் வைக்கலாம், ஆனால்..."

"என் வீடு இருக்கும்போது இவர் வீடா?" என்று பண்டிதர் துள்ளி எழுந்தார். "அந்தப் பாக்கியம் எனக்கே வேண்டும் மகாராஜா!"

நான் மிகவும் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்றே எல்லா விளக்குகளும் அவர் வாசலுக்குப் போயின. நான் மறுபடி எலுமிச்சைத் தோல் தேய்த்தேன், உண்ணாமுலை ஒட்டடை அடித்தாள். இம்முறை போன சிலந்தி திரும்பவில்லை.

பௌர்ணமி வந்தது. நிலா வெளிச்சத்தில் சபை கூடியது. தூதர் விட்டத்தை ஒருமுறை பார்த்தார், ராஜாவை ஒருமுறை பார்த்தார், ஏமாந்துபோய் வணங்கினார். அந்த நேரம் பண்டிதர் தலைதெறிக்க ஓடிவந்தார். தலைப்பாகை முழுக்க ஒட்டடை. அதன் உச்சியில் ஒரு சிலந்தி!

"என் வீடே சிலந்திக் காடாகிவிட்டது மகாராஜா! இதோ பாருங்கள், சபையிலும் சிலந்தி! காளத்தி தோற்றுவிட்டார்!"

ராஜாவின் ஒரு கால் சிம்மாசனத்தின் மேல் ஏறத் தொடங்கியது. நான் தூணுக்குப் பின்னால் இருந்தபடியே குரல் கொடுத்தேன். "இது அரண்மனைச் சிலந்தி இல்லை மகாராஜா, பண்டிதர் வீட்டுச் சிலந்தி. வந்தவரை அனுப்பினால் அவரோடு வந்ததும் போய்விடும்."

"பண்டிதரே, வெளியே போம்!" என்றார் ராஜா. இரண்டும் போயின. ராஜாவின் கால் கீழே இறங்கியது. தூதர் இம்முறை மீசைக்குள் அடக்காமலே சிரித்தார், பண்டிதரைப் பார்த்து.

அவர் விடைபெற்றதும் ராஜா என்னை அழைத்தார். "சிலந்தியின் மனசு உமக்கு எப்படித் தெரிந்தது?"

"நானும் அதே ஜாதிதானே மகாராஜா. மூலையில் உட்கார்ந்திருப்பேன். எதையும் தேடிப்போக மாட்டேன். வந்து விழுவதைத் தின்பேன்."

ராஜா மீசையைத் தடவினார். "அப்படியானால் உம்மைத் துரத்த மடைப்பள்ளி அடுப்பை இடம் மாற்றினால் போதுமா?"

"தாராளமாகப் போதும் மகாராஜா. எந்த இடத்துக்கு மாற்றுகிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அன்றிரவே என் வீட்டுக்கு ஒரு அண்டா அதிரசம் வந்தது. உண்ணாமுலை விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பரிமாறினாள்.