திரும்பக் கூடாத படகு

முதலில் ஒரு விடுகதை. உதடு உண்டு, பேசாது. வளையல் போல இருக்கும், கையில் போட முடியாது. எண்ணெயை வெளியே விடாது, தண்ணீரை உள்ளே விடாது. அது என்ன?

வாணலி மூடி என்று சொன்னவர்கள் கையைக் கீழே போடலாம். விடை, படகில் இருக்கும் சீல். சில பாய்மரப் படகுகளின் மூக்குக்குக் கீழே, தண்ணீருக்குள், குறுக்காக ஒரு குழாய் இருக்கும். அதற்குள் ஒரு சின்ன விசிறி. அது சுழன்றால் படகின் மூக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரும். இந்த ஏற்பாட்டுக்கு த்ரஸ்டர் என்று பெயர். விசிறியின் தண்டைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்து, உள்ளே இருக்கும் எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையம்தான் சீல்; அதன் மெல்லிய விளிம்புக்குத்தான் உதடு என்று பெயர்.

கோணவலசை என்ற கடலோர ஊரில் நின்ற ஒரு படகில் இந்தச் சீல் தேய்ந்துவிட்டது. மதுரையில் பல் டாக்டராக இருக்கும் எழிலரசியின் படகு அது. அவர் மகள் கவின்மலருக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்த நாள். கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு மணல் திட்டு இருந்தது. நாலு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மாவு போல வெள்ளை. போன வருடம் அதைப் பார்த்த நாளிலிருந்து, அடுத்த கேக்கை அங்கேதான் வெட்டுவேன் என்று கவின்மலர் சொல்லிக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. கோணவலசைத் துறையோ குறுகல், இரண்டு பக்கமும் பாறை. த்ரஸ்டர் இல்லாமல் அங்கிருந்து படகை வெளியே எடுக்க முடியாது.

அந்த ஊரில் ஒரே ஒரு படகுப் பட்டறைதான் உண்டு. மங்களசாமி, அவர் தம்பி தவசி, அவர்கள் தங்கை வீட்டுக்காரர் காத்தமுத்து, இந்த மூன்று பேரும் அதை நடத்தினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் என்று பெயர்.

எழிலரசி புது சீலையும் எண்ணெய் டப்பாவையும் கொடுத்து, பல் பிடுங்கிக்கொண்டவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"தண்ணி இல்லாம வெச்சுத்தான் வேலை பார்க்கணும். பழைய எண்ணெய் பால் மாதிரி இருந்தா, தண்ணி கலந்திருக்கான்னு பாருங்க. புது சீலை ஓங்கி அடிக்காதீங்க, குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி தட்டி உட்கார வைங்க. அதோட உதடு கடலைப் பார்த்து இருக்கணும். திரும்பிட்டா தண்ணி உள்ள வந்துரும், அப்புறம் பிறந்த நாள் கிடையாது."

மூவரும் தலையாட்டினார்கள். டாக்டர் மதுரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மங்களசாமி படகைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. ஒரு குடத்தைக் கடலில் முக்கித் தூக்கிப் பார்த்தார். வந்தது.

"மாப்ள, படகு கனம். தண்ணி லேசு" என்றார்.

"அப்ப தண்ணியை எடுத்துருவோம் மச்சான்" என்றார் காத்தமுத்து.

மூவரும் குடத்தால் கடலை மொண்டு கரையில் ஊற்றினார்கள். அது கடல் வற்றும் நேரம். மத்தியானத்துக்குள் படகு சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாவம், அதுக்கும் களைப்பு" என்றான் தவசி.

எடுத்த தண்ணீர் திரும்பி வந்துவிடக் கூடாதே. தவசியிடம் ஒரு கம்பைக் கொடுத்துத் துறையின் வாயில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

பிறகு பழைய எண்ணெயைத் திறந்துவிட்டார்கள். வெள்ளையாக, பால் மாதிரியே இருந்தது. அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவரும் அதை ஒரு தூக்குவாளியில் பிடித்து, பால் சொசைட்டிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே பால் சோதிக்கும் கோபாலு தன் கண்ணாடிக் குழலை அதற்குள் விட்டு, வெளிச்சத்தில் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி கலந்திருக்கு. மாடு எது?"

மங்களசாமி படகைக் கை காட்டினார்.

"அந்த மாட்டை வித்துருங்க" என்றார் கோபாலு. அவருக்கு வேறு வேலை இருந்தது.

அடுத்தது சீல். விசிறியையும் பழைய சீலையும் கழற்றிவிட்டு, புது சீலைத் தண்டில் மாட்டி, மங்களசாமி இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். காத்தமுத்து ராகம் இழுத்துத் தாலாட்டுப் பாடினார். ரப்பரே கண்ணுறங்கு, ராசாவே கண்ணுறங்கு என்று போயிற்று பாட்டு. சீல் சுற்றிலும் ஒரே சீராக உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

"தூங்கிருச்சா?" என்று கேட்டார் காத்தமுத்து.

"கண்ணு எங்கேன்னு தெரியலையே மாப்ள."

"உதடு அசையுதா?"

"இல்ல."

"அப்ப தூங்கிருச்சு."

அதன் பிறகு இருவரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். விசிறியை மாட்டிப் புது எண்ணெயை ஊற்றி மூடும்போது, தவசி கம்போடு ஓடி வந்தான்.

"அண்ணே, தண்ணி வருது."

"மெல்லப் பேசுடா. நீ தடுக்கலையா?"

"தடுத்தேன். கூட்டமா வருது. நான் ஒத்த ஆளு."

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சீல் மிகச் சரியாகப் பொருந்தியிருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நம் தொந்தரவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சீலின் உதடு படகின் வலப்பக்கம் பார்த்து இருந்தது. படகின் வலப்பக்கம் கடல். தண்ணீர் ஏறிப் படகு மிதந்ததும், மூக்கு மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"மச்சான், உதடு இப்ப கடலைப் பார்க்கல" என்றார் காத்தமுத்து.

"வேற எதைப் பார்க்குது?"

"நம்ம பட்டறையை."

மூவரும் பாய்ந்து போய்ப் படகை நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். இனி உதடு கடலைத் தவிர வேறொன்றைப் பார்க்க முடியாது. அன்று மாலை வெகுநேரம் பேசினார்கள். மறுநாள் தங்கள் வள்ளத்தில் சாக்குகளையும் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் கிளம்பினார்கள். சனிக்கிழமை வரைக்கும் அதே வேலைதான்.

ஞாயிறு காலை எழிலரசி கேக்கோடும் மகளோடும் வந்தார். எண்ணெயைப் பார்த்தார். தேன் போலத் தெளிவாக இருந்தது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. கயிற்றை அவிழுங்க."

"அவிழ்க்கக் கூடாது டாக்டரம்மா" என்றார் மங்களசாமி. "மூக்கு திரும்பினா உதடு திரும்பிரும்."

"த்ரஸ்டர் எதுக்கு இருக்கு?"

"மூக்கைத் திருப்பத்தான்."

"அப்ப திருப்புங்க."

"திருப்பினா சீல் கெட்டுரும். சீல் கெட்டா த்ரஸ்டர் கெட்டுரும். அப்புறம் எதை வெச்சுத் திருப்புறது?"

பல் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்திருந்தால் எழிலரசி பதில் சொல்லியிருப்பார். கவின்மலரின் உதடு கடலையும் பார்க்காமல் கரையையும் பார்க்காமல் நடுங்கத் தொடங்கியது.

"அழாத பாப்பா" என்றார் மங்களசாமி. "படகு கனம். மணல் லேசு."

காத்தமுத்து துறையோரத்தில் விரித்திருந்த தார்ப்பாயை இழுத்தார். அடியில் வரிசையாகச் சாக்கு மூட்டைகள்.

"திட்டு வந்துருச்சு" என்றான் தவசி.

எழிலரசி கடலைப் பார்த்தார். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. சில பறவைகள் அதற்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தன.

"இவ்வளவும் வள்ளத்திலயா கொண்டு வந்தீங்க?"

"ஆமா டாக்டரம்மா."

"அந்த வள்ளத்தில இவளைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"நாங்களும் அதை யோசிச்சோம்" என்றார் காத்தமுத்து. "இடமில்ல. மணல் மூட்டை இருந்துச்சு."

மங்களசாமி கவின்மலரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒரு மூட்டையும் மாறலை. இந்த வரிசை கிழக்குக் கரை. நடுவில மேடு. அந்தக் கடைசி வரிசை மேற்குக் கரை. கேக்கை எங்க வெச்சு வெட்டுறீங்க?"

கவின்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூட்டைகளை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். கிழக்குக் கரையில் அலை அடித்தால் கேக் நனைந்துவிடும் என்று சொல்லி, மேற்குக் கரையைத் தேர்ந்தெடுத்தாள்.