பெயர் எழுதக்கூடாத கட்டுரை

முதலில் பூவரசிக்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். அடுத்து உதவித்தொகையை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு அவள் கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டார்கள்.

சொந்த அனுபவத்தைச் சொல்லி வாதாட வேண்டும்; ஊர், ஆள் பெயர் எதுவும் எழுதக்கூடாது. இது பேராசிரியர் தெய்வசிகாமணியின் விதி. ஒரு கல்லூரி விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் வார்டன் இறக்கிவிட்டதால் தன் அப்பா செத்ததை எழுதி, தொட்டிக்குள் மனிதனை இறக்காதே என்று அவள் வாதாடியிருந்தாள்.

வகுப்பு நடுவே அவர் தாளை ஆட்டினார். “கண்ணீர்க் கதை விட்டு மார்க் வாங்கப் பார்க்கிறாயா? உண்மையென்று இப்போதே நிரூபி. இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டேன்.”

“நிரூபிக்கப் பெயர் வேண்டுமே சார். உங்கள் விதி தடுக்கிறதே?”

“விதியை நானே எடுத்துவிட்டேன். சொல்லு!”

“சொன்னால் அந்த வார்டனை என்ன செய்யலாம், சார்?”

“ஜெயிலில் போடலாம்!”

வகுப்பு சிரித்தது. ஏழை செத்தால் இறக்கிவிட்டவனுக்கு அது நினைவில்கூட நிற்பதில்லை.

பூவரசி தாளை வாங்கிப் பெயரை எழுதினாள். “எல்லோரும் சாட்சி” என்று சொல்லிவிட்டு உரக்க வாசித்தாள்:

“அன்றைய வார்டன், முனைவர் தெய்வசிகாமணி.”